இருநூறு கெஜமும் உன் அக்காவும்

சங்கரன்கோவில்,
28.8.1982, சனிக்கிழமை.

அன்பும் அரசாங்க உத்தியோகமும் ஒருங்கே வாய்த்த மாப்பிள்ளை மாணிக்கராஜுக்கு அத்தான் ஞானஒளிவு எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நான் சுகம். உன் அக்கா ஏசுவடியாளும் சுகமாகத்தான் இருக்க வேண்டும். நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை, ஏனென்றால் இன்றோடு பத்தொன்பது நாளாக அவள் என்னோடு பேசுவதில்லை. அங்கே உன் மனைவி சுந்தரபாய்க்கு மூட்டுவலி குறைந்திருக்கும் என்றும், பிள்ளைகள் கணக்கில் இந்தத் தடவையாவது நாற்பதைத் தாண்டியிருப்பார்கள் என்றும் நம்புகிறேன். தாண்டவில்லை என்றால் தாள்களை அனுப்பி வை. ரிட்டயர் ஆகி ஒரு வருஷமாகச் சிவப்பு மைக்கு வேலையே இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நீ உடனே பத்து நாள் லீவு போட்டுவிட்டுக் கொல்லம் மெயிலில் ஏறி வர வேண்டும். வந்து உன் அக்காவிடம் பக்குவமாகப் பேசி, உங்கள் அப்பா விட்டுப்போன துப்பாக்கியை வாங்கி, லைசென்ஸை உன் பெயருக்கு மாற்றி, மெட்ராஸுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். அது முடியாதென்றால் நீ தலைமைச் செயலகத்தில் உட்கார்ந்திருப்பதற்கு ஏதாவது பிரயோஜனமாக, நான் கீழே சொல்லப்போகிற மசோதாவின் ஃபைலைக் கண்டுபிடித்து ஓர் அலமாரிக்கு மேலே தூக்கிப் போட்டு வைக்க வேண்டும். இரண்டாவது காரியம் உங்கள் ஆபீஸில் எல்லாருக்கும் பழக்கமானதுதான் என்று கேள்வி. இரண்டில் எது உனக்குச் சுலபமோ அதைச் செய்.

நடந்தது இதுதான். ஆடித்தபசுக் கூட்டம் கலைந்து ஊர் கொஞ்சம் மூச்சுவிட்ட சமயத்தில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. மாநிலத்தில் ஏதோ ஓர் ஊரில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் காக்காயைச் சுடப்போய், ரவை வகுப்பறை ஓட்டில் பாய்ந்து, ஓடு உடைந்து வாத்தியார் மேசையில் விழுந்ததாம். நல்லவேளை, வாத்தியார் வழக்கம்போல் வகுப்பில் இல்லை. அதனால் பள்ளிக்கூடப் பாதுகாப்புக்கென்று ஒரு சட்டம் கொண்டுவர யோசனை இருப்பதாகவும், சுற்றுச்சுவர், வாசல் கேட்டு, காவலாள், பள்ளிக்கூடத்திலிருந்து ஐம்பது கெஜத்துக்குள் யாரும் துப்பாக்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்ற விதி ஆகிய நான்கையும் பற்றி ஊர்க்காரர் கருத்தைத் தெரிவிக்கும்படியும் அதில் கண்டிருந்தது. ஹெட்மாஸ்டர் செல்லப்பா உடனே பள்ளி நலக்குழுவைக் கூட்டினார். நான்தான் செயலாளர் என்பது உனக்குத் தெரியும். ரிட்டயர் ஆன அன்றைக்கு மாலைக்குப் பதிலாக அந்தப் பதவியைத்தான் என் கழுத்தில் போட்டார்கள்.

முதல் மூன்றையும் இரண்டு நிமிஷத்தில் ஒப்புக்கொண்டு நான்காவதற்கு வந்தோம். ஐம்பது கெஜம் என்று வாசித்ததும் எனக்குள் இருந்த கணக்கு வாத்தியார் எழுந்து நின்றுவிட்டார். நாட்டுத் துப்பாக்கியின் ரவை எத்தனை தூரம் பாயும் என்று கேட்டேன். டிரில் மாஸ்டர் காளிராஜ் நூறு கெஜம் என்றார். அப்படியானால் ஐம்பது கெஜத்தை விலக்கி என்ன பயன், பாய்ச்சலுக்கு இரண்டு பங்கு தூரமாவது வேண்டாமா, மேலும் தூரம் என்றால் தெரு வழியாகவா நேர்கோட்டிலா என்று சொல்ல வேண்டாமா, ரவை என்ன தெருமுனையில் திரும்பியா வரும் என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கினேன். அதைப் பார்த்து ஹெட்மாஸ்டரே நோட்டில் குறித்துக்கொண்டார். 'ஐம்பது' என்பதை அடித்து 'இருநூறு' என்று என் கையாலேயே எழுதினேன். பக்கத்தில் 'நேர்கோட்டில்' என்று சேர்த்து அடிக்கோடு போட்டேன். ஏகமனதாக நிறைவேறியது. பஜ்ஜி வந்தது. சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மாப்பிள்ளை, வீடு எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துப் பின்சுவரிலிருந்து நம் வாசல்படி அறுபத்திரண்டு கெஜம். அரசாங்கம் போட்ட கோட்டுக்கு வெளியே, ஆபத்தில்லாமல் பன்னிரண்டு கெஜம் தள்ளி இருந்த உன் அக்காவை நான்தான் இழுத்து உள்ளே போட்டேன். தெரு வழியாகச் சுற்றி நடந்தால் சரியாக இருநூற்றுப் பத்து கெஜம் வரும், அப்போதும் தப்பித்திருப்பாள். அந்த வழியையும் அடிக்கோடு போட்டு அடைத்தவன் நான்தான்.

உனக்குச் சந்தேகம் வரும், குடியிருக்கிற வீட்டில் துப்பாக்கி இருப்பது ஒரு மனுஷனுக்கு எப்படி மறக்கும் என்று. உண்மையைச் சொன்னால், அதைத் துப்பாக்கி என்று நினைப்பதையே நான் விட்டு வெகுகாலம் ஆகிறது. உங்கள் அப்பா, பவுல்பாண்டியன் மாமா, காலமானது அறுபதில். இருபத்திரண்டு வருஷமாக அது ஆர்மோனியப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில், உன் அக்கா தைத்துப் போட்ட பூப்போட்ட உறைக்குள் நிற்கிறது. சனிக்கிழமைதோறும் தையல் மெஷின் எண்ணெய் போட்டுத் துடைக்கிறாள். வருகிற விருந்தாளிகள் அதன்மேல் குடையை மாட்டுகிறார்கள். மருந்தும் ரவையும் சிவகிரியில் உங்கள் கடலைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் நல்லகண்ணுவிடம் இருக்கின்றன. போன தேர்தல் சமயம் எல்லாத் துப்பாக்கியையும் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னபோது இவளும் ஒப்படைத்தாள். ஆனால் வாரம் தவறாமல் எண்ணெய்ப் புட்டியோடு ஸ்டேஷனுக்குப் போய்த் துடைத்துவிட்டு வந்தாள். ஏட்டு சங்கரசுப்பு கொஞ்சம் கூச்சப்பட்டுக்கொண்டே, அங்கிருந்த மற்ற ஏழு துப்பாக்கிக்கும் ஒரு கை பார்த்துவிடும்படி கேட்டுக்கொண்டாராம். பார்த்துக் கொடுத்தாள். இப்படி ஒரு பொருளை யார் ஆயுதக் கணக்கில் சேர்ப்பார்கள்?

இதில் உன் பங்கும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். மாமா அதை முதலில் உன்னிடம்தான் கொடுத்தார். நீ 'மெட்ராஸ்ல பன்னி வராதுப்பா' என்று சொல்லிவிட்டு ரயில் ஏறிவிட்டாய். அவர் துப்பாக்கியைத் தூக்கி உன் அக்கா மடியில் வைத்தார். ஒரு பொம்பளை பேருக்கு லைசென்ஸா என்று தாலுகா ஆபீஸில் மலைத்தார்கள். அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே கடலைத் தோட்டத்துப் பரணில், காட்டுப் பன்றிக்குக் காவல் இருந்த அப்பாவுக்குப் பக்கத்தில் லாந்தரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், மருந்து கெட்டிக்கிற விதத்தைத் தாசில்தாருக்கே விளக்கிவிட்டு வந்தாள்.

தீர்மானம் போட்டது சனிக்கிழமை. திங்கட்கிழமை காலையில் என் மணிமணியான கையெழுத்தில் அதை எழுதிப் பள்ளிக்கூட நோட்டீஸ் பலகையில் ஒட்டினேன். கீழே 'பிள்ளைகளின் நலன் கருதி, த. ஞானஒளிவு, செயலாளர்' என்று கையெழுத்தும் போட்டேன். உன் அக்கா மாதர் சங்கத்துக்குப் போகிற வழியில் அதை வாசித்தாள். வீட்டுக்கு வந்து எனக்குக் காப்பி வைத்தாள். தம்ளரை வைத்த சத்தத்தில் ஒரு வித்தியாசம் இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. சாயங்காலம் காளிராஜ், ஏட்டையாவிடம் லைசென்ஸ் பட்டியல் வாங்கிக்கொண்டு, ஓட்டப்பந்தயத்துக்கு அளக்கிற டேப்போடு நம் வாசலுக்கு வந்து நின்றார். இருநூறு கெஜ வட்டத்துக்குள் ஒரே ஒரு லைசென்ஸ்தான் என்றும், அது யாருடையது என்று சொல்லத் தனக்குச் சங்கடமாக இருக்கிறது என்றும் சொன்னார். அப்போதுதான் மாப்பிள்ளை, எனக்கு அந்தப் பூப்போட்ட உறை கண்ணில் பட்டது.

நான் சும்மா இருக்கவில்லை. காளிராஜை உள்ளே கூப்பிட்டு, வாசல்படிக்குப் பதிலாகப் பின்கட்டிலிருந்து அளக்கச் சொன்னேன். அடுப்படி எழுபத்தொன்று வந்தது. மாட்டுக்கொட்டில் எண்பத்து மூன்று. கொல்லைக்கோடி வேப்பமரத்தில் கொண்டுபோய்க் கட்டினாலும் தொண்ணூற்றாறுதான். உன் அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்று நாங்கள் டேப்பின் இரண்டு நுனியையும் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றுவதைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கு நின்ற பேச்சுதான்.

சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. சொன்னால் நம்ப மாட்டாய், குழம்பு முன்னைக்கு இப்போது பிரமாதமாக இருக்கிறது. வேட்டி வெளுத்து மடித்து வைத்திருக்கிறது. பேச்சு மட்டும் இல்லை. ஆனால் நம் வீட்டில் விளக்கு வைத்ததும் குடும்ப ஜெபம் உண்டு என்று உனக்குத் தெரியும். அதை நிறுத்த இரண்டு பேருக்கும் தைரியம் கிடையாது. முதலில் பாட்டு, பிறகு அவள் ஒரு ஜெபம், பிறகு நான் ஒரு ஜெபம். ஒருவர் ஜெபித்தால் மற்றவர் ஆமென் சொல்லியே தீர வேண்டும். முதல்நாள் அவள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: "ஆண்டவரே, காட்டுப் பன்னியையும் நீர்தான் படைச்சீரு, கடலையையும் நீர்தான் வெளைய வச்சீரு. ரெண்டுக்கும் நடுவுல எங்கப்பா ராத்திரி பூராம் முழிச்சிக் கெடந்தத நீர் பாத்தீரு. இந்த வீட்டுல ஒராளு மட்டும் பாக்கல. அவுக கண்ணையும் தெறந்து வையும்." நான் என்ன செய்வேன்? எனக்கு விரோதமான ஜெபத்துக்கு நானே ஆமென் சொன்னேன்.

மறுநாள் நான் முந்திக்கொண்டேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கர்த்தர் தமது கரத்துக்குள் வைத்துக் காக்க வேண்டும் என்றும், பெரியவர்கள் உயிரில்லாத பொருள்களின்மேல் வைத்திருக்கிற பாசத்தைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும் என்றும் வேண்டினேன். அவள் ஆமென் சொல்வதற்குள் நான் மனசுக்குள் இருபத்து மூன்று வரை எண்ணிவிட்டேன். அதற்கடுத்த நாள் அவள், கரும்பலகையில் படம் போடுகிறவர்கள் தங்கள் வீடு எங்கே இருக்கிறதென்று முதலில் தெரிந்துகொள்ளக் கிருபை கேட்டாள். இப்படி நாளுக்கு நாள் ஜெபம் நீண்டு, சோறு ஆறிப்போய், பக்கத்து வீட்டுக்காரர்கள் நம் வீட்டில் ஏதோ எழுப்புதல் ஜெபக் கூட்டம் நடக்கிறதென்று நினைத்துவிட்டார்கள். ஒரு நாள் குருவானவர் வந்து உட்கார்ந்தார். அவர் முன்னாலேயே உன் அக்கா நான்காவது விதியில் 'நேர்கோட்டில்' என்ற சொல்லை எடுத்துப்போடும்படி ஆண்டவரிடம் மன்றாடினாள். அந்தச் சொல் இல்லாவிட்டால் விதியில் என்ன ஓட்டை விழும் என்பதை நானும் ஆண்டவருக்கு எடுத்துச் சொன்னேன். குருவானவர் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஆமென் சொல்லிவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

போன சனிக்கிழமை, அதாவது 21ஆம் தேதி, ஊர்க்காரர் கருத்துக் கேட்கிற கூட்டம் பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. எழுபது எண்பது பேர் இருக்கும். உன் அக்கா பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் இருந்தாள். அவள் எழுந்திருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. எழுந்தாள். என் பக்கம் திரும்பாமல் ஹெட்மாஸ்டரைப் பார்த்துப் பேசினாள்.

"ஐயா, எங்க வீட்டுத் துப்பாக்கி வெடிச்சு இருவது வருசத்துக்கு மேல ஆவுது. அதுக்கு டேப்பு புடிச்சி அளந்துட்டீய, சந்தோசம். இந்தப் பள்ளிக்கூடத்துக் கெணத்துக்குக் கைப்பிடிச் சொவரு இடிஞ்சி ரெண்டு வருசம் ஆச்சி, பிள்ளைய அதுக்குள்ள எட்டித்தான் மொகம் பாக்குது. வாசக் கேட்டுக்குக் கொண்டி இல்ல. ராஜபாளையம் பஸ்ஸு அந்த வளைவுல என்ன வேகத்துல வருதுன்னு எல்லாருக்கும் தெரியும். அதுக்கெல்லாம் எத்தன கெஜம்னு யாராச்சும் அளந்தீயளா?"

காளிராஜ் கைதட்டினார். தட்டியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை இடுப்புக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். ஹெட்மாஸ்டருக்கு வேர்த்துவிட்டது. நேர்மையாகச் சொல்லுகிறேன் மாப்பிள்ளை, எனக்குப் பெருமையாக இருந்தது. முப்பத்தோரு வருஷம் அந்தக் கிணற்றடியில்தான் நான் கை கழுவினேன், எனக்குத் தோன்றவில்லையே. மறுநாளே கொத்தனார் வந்துவிட்டார், கேட்டுக்குக் கொண்டியும் மாட்டியாகிவிட்டது. அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

ஆனால் மேடையில் மைக் இருந்தது. நான் எழுந்து, அவர்கள் சொன்னதெல்லாம் சரி, ஆனாலும் துப்பாக்கி துப்பாக்கிதான் என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்த பிறகு, யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டேன். போன வருஷம் ஒருநாள், உன் அக்கா சிவகிரிக்குப் போயிருந்தபோது, பிள்ளைகள் அடித்த பந்து நம் வீட்டு ஜன்னல் வழியாக உள்ளே வந்து விழுந்தது. பின்கட்டில் இருந்த நான் சத்தம் கேட்டு வந்து பார்த்தேன். பந்தை எடுக்க வந்த நான்கைந்து பேரில் ஒருவன் உறையைக் கழற்றித் துப்பாக்கியைத் தோளில் வைத்திருந்தான். இன்னொருவன் அவனுக்கு முன்னால் நாலுகாலில் பன்றியாக நின்று உறுமிக்கொண்டிருந்தான். துப்பாக்கியில் மருந்து இல்லை, ரவை இல்லை, எனக்குத் தெரியும். தெரிந்தும் ஓடிப்போய் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுவிட்டேன். வாங்கி வைத்துவிட்டு, பந்தைக் கொடுத்து, மிட்டாயும் கொடுத்து அனுப்பினேன். மறந்துவிட்டேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். முழுக்க மறக்கவில்லை போலிருக்கிறது. கரும்பலகையில் படம் போட்டபோது அந்தப் பன்றி வேஷக்காரனின் முதுகு என் மனசின் அடியில் எங்கேயோ இருந்திருக்க வேண்டும்.

நான் சொல்லி முடித்ததும் ஹாலில் எல்லாரும் உன் அக்காவைப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் ஜெயித்துவிட்டேன். இருநூறு கெஜத்துக்கு ஆதரவாக அறுபத்தேழு கை. ஜெயித்துவிட்டு வீட்டுக்குப் போகிற வழியில் அவளுக்குப் பத்தடி பின்னால் நடந்தேன். அன்றைக்கு ஜெபத்தில் அவள் சட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "ஆண்டவரே, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே பெட்டியில வச்சிப் பூட்டியிருப்பேன்லா. ஊருக்கு முன்னால சொல்லுததுக்கு ஒரு வருசமா வச்சிருந்தாவளே" என்று மட்டும் சொன்னாள். நான் ஆமென் சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை.

அதிலிருந்து ஒரு வாரமாக ஜெபத்திலும் எனக்குச் சேதி இல்லை. நாட்டு மக்களுக்காகவும் மழைக்காகவும் உங்கள் நால்வருக்காகவும் வேண்டிக்கொள்கிறாள், முடித்துக்கொள்கிறாள். அந்தச் சண்டை ஜெபமே எவ்வளவோ தேவலை. கர்த்தர் எங்களுக்குப் பிள்ளைகளைக் கொடுக்கவில்லை, அந்தக் குறை தெரியாமல் பள்ளிக்கூடத்துச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம் என்றுதான் இந்த வாடகை வீட்டைப் பிடித்தோம். ரிட்டயர் ஆன பிறகும் முதல் மணி அடித்தால் நான் சட்டையைத் தேடுவேன், அவள் 'ஒக்காருங்க, ஒங்களுக்கு இல்ல' என்பாள். இப்போது மணி அடிக்கிறது, நான் சட்டையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பி வருகிறேன், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. எனக்கு இந்த வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை மாப்பிள்ளை.

ஏட்டையாவிடமும் போய்ப் பார்த்தேன். சட்டம் வருவதற்கு முன்னாலேயே ஒப்படைத்தால் அவர் பத்திரமாக வைத்துக்கொள்வாரா என்று கேட்டேன். வராத சட்டத்துக்கு ரசீது எப்படிப் போடுவது அண்ணாச்சி என்று கேட்டுவிட்டு, அம்மா எப்போது எண்ணெய் போட வருவார்கள் என்றும் விசாரித்தார். ஆகவே உன்னை விட்டால் எனக்கு ஆள் இல்லை. நீ கேட்டால் அவள் கொடுப்பாள். நீ அவள் தூக்கி வளர்த்த தம்பி. துப்பாக்கி உன் வீட்டில் இருந்தால் அது அப்பாவின் பிள்ளையிடம் இருக்கிறது என்று அவளுக்கும் ஓர் ஆறுதல். நானும் தப்பித்தேன். வரும்போது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா, கணக்குப் புத்தகத்தோடு.

உனக்கும் சுந்தரபாய்க்கும் பிள்ளைகளுக்கும் நீண்ட ஆயுசும், முழங்காலில் பலமும், உன் ஆபீஸில் சீக்கிரமே ஒரு படி உயர்வும் உண்டாகும்படி வேண்டிக்கொள்ளும்,
உன் பிரியமுள்ள அத்தான்,
த. ஞானஒளிவு.

பி.கு. 1.9.1982, புதன்கிழமை. தபால் தலை வாங்க மறந்து இந்தக் கடிதம் நான்கு நாளாக மேசையிலேயே கிடந்துவிட்டது. மேலே எழுதியதில் விசாரிப்பையும் ஆசீர்வாதத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அடித்துவிடு. லீவு போடாதே. துப்பாக்கியைப் பற்றி அக்காவுக்கு ஒரு வரி எழுதாதே. ஃபைலையும் தேடாதே, ஏனென்றால் தேடினாலும் கிடைக்காது. திங்கட்கிழமை இரண்டாவது சுற்றறிக்கை வந்துவிட்டது. நான்காவது விதியைப் பற்றிய கருத்து இப்போதைக்குத் தேவையில்லையாம். இருநூறும் இல்லை, ஐம்பதும் இல்லை. ஹெட்மாஸ்டரே அதைப் பலகையில் ஒட்டினார், உன் அக்காவும் வாசித்துவிட்டாள். வீட்டுக்கு வந்து என் முகத்தைப் பார்த்தாள், நான் சந்தோஷப்படுகிறேனா என்று பார்த்திருப்பாள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. சட்டம் போனாலும் அந்த ஜன்னல் அங்கேயேதான் இருக்கிறது, பந்தும் வந்துகொண்டேதான் இருக்கும்.

நேற்று காலையில் காளிராஜைக் கூட்டிக்கொண்டு வீடு தேடப் போனேன். இரண்டு பேர் வீட்டு மொட்டைமாடியில் ஏறி, ஒரு நெல் காயப்போட்ட களத்துக்குக் குறுக்கே டேப்பைப் பிடித்து, புளியங்குடி ரோட்டுப் பக்கம் ஒரு வீட்டைக் கண்டுபிடித்தோம். நேர்கோட்டில் இருநூற்று ஏழு கெஜம். அதற்கு மேல் ஒரு கெஜம்கூடத் தள்ளிப்போக எனக்கு மனசில்லை, அங்கிருந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் மணிச் சத்தம் லேசாக வருகிறது. சாயங்காலம் ஜெபத்தில் என் முறை வந்தது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். ஆண்டவரே, அவளிடம் சொல்லாமல் ஊருக்குச் சொன்னது என் தப்பு. பிள்ளைகளைப் பற்றி நான் பயந்ததும் சரிதான், அவளுடைய அப்பாவின் துப்பாக்கி அவளிடமே இருக்க வேண்டும் என்பதும் சரிதான். ஆகையால் வருகிற பத்தாம் தேதி நாங்கள் வீடு மாறுகிறோம், துப்பாக்கி முதல் வண்டியில் போகும், நான் இரண்டாவது வண்டியில் போகிறேன் என்றேன்.

ஆமென் சொல்லப் போனேன், அதற்குள் அவள் குரல் கேட்டது. முப்பத்தோரு வருஷத்தில் முதல்தடவையாக ஜெபத்துக்கு நடுவில் கண்ணைத் திறந்து, ஆண்டவரை விட்டுவிட்டு நேராக என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அந்த வீட்டுல அடுப்படி எந்தப் பக்கம் இருக்கு? மேக்கயா இருந்தா, காத்தடிச்சாப் பொகை பூராம் வீட்டுக்குள்ளல்லா வரும். அதப் பாத்தீயளா, இல்ல கெஜத்த மட்டும் அளந்துட்டு வந்தீயளா?"

கெஜத்தை மட்டும்தான் அளந்திருந்தேன். அதைச் சொன்னேன். அவள் திட்ட ஆரம்பித்தாள். நான் ஆமென் சொல்லவே இல்லை மாப்பிள்ளை, சொன்னால் எங்கே நிறுத்திவிடுவாளோ என்று பயமாக இருந்தது.